வெட்டும் முன் எண்ணிப் பார்!



2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி. சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான 14-ஆவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம், அப்போதைய உலக சாம்பியனான சீனாவின் டிங் லிரென். எதிரே நம் சென்னையைச் சேர்ந்த குகேஷ், வயது 18. அதுவரை முடிந்த 13 ஆட்டங்களில் இருவரும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி எடுத்திருந்தார்கள். இந்த ஆட்டமும் டிரா ஆகிவிட்டால், மறுநாள் குறைந்த நேர ஆட்டங்கள் வைத்துத்தான் வெற்றியாளரைத் தீர்மானிக்க வேண்டும்.

பலகையில் காய்கள் குறைந்துவிட்டன. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் இது டிராவில்தான் முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்த பலரும் நினைத்தார்கள். அப்போது 55-ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எஃப்2 என்ற கட்டத்தில் வைத்தார். "வா, யானைக்கு யானை வெட்டிக்கொள்வோம்" என்பது அதன் பொருள்.

குகேஷ் முதலில் அதில் இருந்த வாய்ப்பைக் கவனிக்கவில்லையாம். தம் யானையை வேறு இடத்துக்கு நகர்த்தவே இருந்தாராம். ஆட்டம் முடிந்த பிறகு அவரே இதைச் சொன்னார். கை நீட்டும் முன் இன்னொரு முறை பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார்! யானையை வெட்டினார். அடுத்துத் தம் பிஷப்பை டி5 கட்டத்தில் நிறுத்தினார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தப்ப வழியில்லை. பிஷப்புக்குப் பிஷப் வெட்டுப்பட்டது. மிச்சம் இருந்தவை இரண்டு ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. 58-ஆவது நகர்த்தலுடன் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் உலக சாம்பியன் ஆனார்.

ஒரு கேள்வி. யானையும் பிஷப்பும் இருந்தவரை டிராவாக இருந்த ஆட்டம், அவை வெட்டுப்பட்டதும் ஏன் தோல்வியாக மாறியது? இருவரும் சமமாகத்தானே வெட்டிக்கொண்டார்கள்?

இதற்கு விடை தெரிந்துகொண்டால், உங்கள் பள்ளிப் போட்டியிலேயே பல அரைப் புள்ளிகளை முழுப் புள்ளிகளாக மாற்றிவிடலாம். வாருங்கள், பலகையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். செஸ்ஸை வாசித்து மட்டும் கற்க முடியாது; காயை வைத்துப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கும்.

கட்டங்களுக்குப் பெயர்

முதலில் கட்டங்களின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் காய் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். இடமிருந்து வலமாக எட்டு நெடுவரிசைகள்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச். கீழிருந்து மேலாக எட்டுக் குறுக்கு வரிசைகள்: 1 முதல் 8 வரை. ஆட்டம் தொடங்கும்போது வெள்ளை ராஜா நிற்கும் கட்டம் இ1. கறுப்பு ராஜா நிற்கும் கட்டம் இ8. அவ்வளவுதான். வெள்ளைச் சிப்பாய் 8-ஆம் வரிசையைத் தொட்டால் ராணி ஆகிவிடும். கறுப்புச் சிப்பாய் 1-ஆம் வரிசையைத் தொட்டால் ராணி.

கடைசிப் பாடம்தான் முதல் பாடம்

ஒரு செஸ் ஆட்டத்தில் தொடக்கம், நடு ஆட்டம், முடிவாட்டம் என மூன்று பகுதிகள் உண்டு. பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டு, சில காய்களே மிஞ்சி நிற்கும் பகுதிதான் முடிவாட்டம். 'எண்ட் கேம்' என்று உங்கள் பயிற்சியாளர் சொல்வது இதைத்தான்.

பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில், மாலை மணி அடித்த பிறகு செஸ் ஆடும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். தொடக்க ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை மனப்பாடமாக ஆடுவார்கள். சட்சட்டென்று காய் நகரும். ஆனால் ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சிவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். "சார், இது ஜெயிக்குமா, டிராவா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கியூபா நாட்டைச் சேர்ந்த காப்பபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். 1921-இல் அவர் செஸ் கற்பவர்களுக்காக ஒரு நூல் எழுதினார். அதை எங்கிருந்து தொடங்கினார் தெரியுமா? சில காய்களே உள்ள எளிய முடிவுகளிலிருந்து! காய்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொரு காயின் பலமும் தெளிவாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டவருக்கு, காய்கள் நிறைந்த ஆட்டத்திலும் வழி தெரியும்.

ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறும் முன் அது எந்த ஊருக்குப் போகிறது என்று பலகையைப் படிக்கிறோம் அல்லவா? அதுபோல, காயை வெட்டிக்கொள்ளும் முன் அது எந்த முடிவுக்குப் போகிறது என்று தெரிய வேண்டும். அதற்கு மூன்று சின்னப் பாடங்கள் போதும்.

பாடம் 1: சதுரம் போட்டுப் பார்

வெள்ளைச் சிப்பாய் பி4-இல் நிற்கிறது. அதற்குத் துணை யாரும் இல்லை. வெள்ளை ராஜா எங்கோ தூரத்தில், ஹெச்1-இல். கறுப்பு ராஜா ஜி4-இல். கறுப்பு ராஜாவால் ஓடிப்போய்ச் சிப்பாயைப் பிடிக்க முடியுமா?

ஒவ்வொரு அடியாக எண்ணலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. சிப்பாய் நிற்கும் பி4-இலிருந்து பி8 வரை ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே நீளத்துக்குக் கறுப்பு ராஜா இருக்கும் பக்கமாக ஒரு சதுரம் போடுங்கள். பி4, எஃப்4, எஃப்8, பி8 ஆகிய நான்கும் அதன் மூலைகள். தன் முறையில் கறுப்பு ராஜா இந்தச் சதுரத்துக்குள் கால் வைத்துவிட்டால் சிப்பாயைப் பிடித்துவிடும். முடியாவிட்டால் சிப்பாய் ராணி ஆகிவிடும்.

இப்போது கறுப்பின் முறை என்றால், ராஜா ஜி4-இலிருந்து எஃப்5-க்கு வருகிறது. சதுரத்துக்குள் வந்துவிட்டது, சிப்பாய் பிழைக்காது. வெள்ளையின் முறை என்றால், சிப்பாய் பி5-க்குப் போகிறது. சதுரமும் சிறுத்துவிட்டது. கறுப்பு ராஜா எஃப்5-க்கு வந்தாலும் வெளியேதான் நிற்கும். ஒரே ஒரு நகர்த்தல்தான் வித்தியாசம். இரண்டையும் பலகையில் ஆடிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிப்பாய் இன்னும் தொடக்க வரிசையில் நின்றால், அது முதல் அடியிலேயே இரண்டு கட்டம் தாண்டும். ஆகவே அது ஒரு கட்டம் முன்னால் நிற்பதாக வைத்துச் சதுரம் போட வேண்டும்.

பாடம் 2: எதிரெதிரே இரண்டு ராஜாக்கள்

வெள்ளை ராஜா இ5. வெள்ளைச் சிப்பாய் இ4. கறுப்பு ராஜா இ7. வேறு காய்களே இல்லை. இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கின்றன. யார் நகர வேண்டும் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும்!

கறுப்பு நகர வேண்டும் என்றால் அது வழிவிட்டே ஆக வேண்டும். கறுப்பு ராஜா டி7-க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்6-க்கு நுழையும். கறுப்பு ராஜா இ8-க்குப் பின்வாங்கினால், வெள்ளை ராஜா இ6-க்கு வந்து நிற்கும். ராஜா சிப்பாய்க்கு முன்னால் 6-ஆம் வரிசையில் நின்றுவிட்டால், ஓரச் சிப்பாய் தவிர மற்றச் சிப்பாய்கள் யாவும் ராணி ஆகிவிடும். வெள்ளைக்கு வெற்றி.

வெள்ளை நகர வேண்டும் என்றால்? வெள்ளை ராஜா டி5-க்குப் போகட்டும். கறுப்பு ராஜா டி7-க்கு வந்து மறுபடி எதிரே நிற்கும். சிப்பாய் இ5-க்கு வந்தால் கறுப்பு ராஜா இ7. சிப்பாய் இ6-க்கு வந்தால் கறுப்பு ராஜா நேராக இ8-க்குப் பின்வாங்க வேண்டும். பிறகு வெள்ளை ராஜா டி6, கறுப்பு ராஜா டி8. சிப்பாய் இ7 செக், கறுப்பு ராஜா இ8. இப்போது சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6-க்கு வந்தால் கறுப்புக்கு நகர இடமே இல்லை. செக்கும் இல்லை. அது ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா!

இப்படி எதிரெதிரே நிற்பதை 'ஆப்போசிஷன்' என்பார்கள். எதிராளியை நகர வைத்துவிட்டு நாம் காத்து நிற்பதுதான் இதில் பலம். பொதுவாக செஸ்ஸில் நம் முறை வந்தால் மகிழ்ச்சி. இங்கே மட்டும், நம் முறை வந்தால் கஷ்டம்.

சிங்கப்பூர் ஆட்டம் எப்படி முடிந்தது என்று இப்போது சொல்கிறேன். டிங்கின் ராஜா இ3. குகேஷின் ராஜா இ5. நடுவில் ஒரு கட்டம். நகர வேண்டியவர் டிங்! நீங்கள் இப்போது படித்த அதே பாடம்தான் உலக சாம்பியன் பட்டத்தின் கடைசி நகர்த்தலிலும் வந்து நின்றது.

பாடம் 3: ஓரச் சிப்பாயை நம்பாதே

ஏ வரிசையிலும் ஹெச் வரிசையிலும் நிற்கும் சிப்பாய்களை ஓரச் சிப்பாய் என்கிறோம். ராஜாவும் ஓரச் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால், எதிரியின் ராஜா அந்த மூலைக்கு வந்துவிட்டால் போதும், ஆட்டம் டிராதான். மூலையிலிருந்து அதை விரட்ட வெள்ளை ராஜாவுக்குப் பக்கவாட்டில் இடமே இல்லை. நெருக்கினால் ஸ்டேல்மேட் ஆகிவிடும்.

ஒரே மாதிரி இரண்டு பலகை

இப்போது மூன்று பாடங்களையும் சேர்த்துப் பார்ப்போம்.

முதல் பலகை: வெள்ளை ராஜா இ5, யானை டி1, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா இ7, யானை டி8. வெள்ளையின் முறை.

இரண்டாம் பலகை: வெள்ளை ராஜா ஏ5, யானை டி1, சிப்பாய் ஏ4. கறுப்பு ராஜா சி7, யானை டி8. இங்கும் வெள்ளையின் முறை.

இரண்டிலும் வெள்ளையிடம் ஒரு சிப்பாய் கூடுதல். இரண்டிலும் டி8-இல் நிற்கும் யானையை வெட்டலாம். கறுப்பு ராஜா திருப்பி வெட்டும். வெட்டலாமா?

முதல் பலகையில் தாராளமாக வெட்டலாம். கறுப்பு ராஜா டி8-க்கு இழுக்கப்படுகிறது. உடனே வெள்ளை ராஜா இ6-க்குப் போய்ச் சிப்பாய்க்கு முன்னால் 6-ஆம் வரிசையில் நின்றுவிடும். வெற்றி உறுதி.

இரண்டாம் பலகையில் வெட்டினால், வெற்றியைக் கையாலேயே தூக்கிக் கொடுத்தது போல ஆகிவிடும். கறுப்பு ராஜா டி8-இல் வெட்டும். வெள்ளை ராஜா பி6-க்கு ஓடினால் கறுப்பு ராஜா சி8-க்கு வந்து பி7 கட்டத்தைக் காத்துக்கொள்ளும். வெள்ளை ராஜா ஏ7-க்குப் போனால் கறுப்பு ராஜா சி7-க்கு வந்து அதை உள்ளேயே அடைத்துவிடும். சிப்பாய் எத்தனை அடி வைத்தாலும் முடிவு டிரா. யானைகளை வைத்துக்கொண்டு, எதிராளிக்குத் தொந்தரவு கொடுத்தபடி ஆடுவதே இங்கே சரி.

பார்த்தீர்களா? வெட்டுவது ஒன்றேதான். மிஞ்சுவது வேறு. யானைக்கு யானை சரியாகப் போச்சு என்று கணக்குப் பார்ப்பவர் பாதிக் கணக்குதான் பார்க்கிறார். வெட்டிய பிறகு பலகையில் என்ன இருக்கும், அது வெற்றியா, டிராவா, தோல்வியா என்று பார்ப்பதுதான் மீதிக் கணக்கு. மேலே கேட்ட கேள்விக்கும் இதுவே விடை. யானையும் பிஷப்பும் இருந்தவரை டிங்கால் குகேஷின் கூடுதல் சிப்பாயைத் தடுக்க முடிந்தது. அவை போனதும் தடுக்க ராஜா மட்டும்தான் மிச்சம். ஒற்றை ராஜாவால் முடியவில்லை.

காய் நகர்த்தும் முன் மூன்று கேள்விகள்

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். செஸ்ஸில் ஆழம் பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: எதிராளி ஏன் இப்படி ஆடினார்? அடுத்து என்ன செய்யப் போகிறார்?

இரண்டு: நான் ஆடக்கூடியவை எவை? ஒரே நகர்த்தலோடு நிற்காமல் இரண்டு மூன்றைத் தேடுங்கள். முதலில் கண்ணில் பட்டதைவிட இரண்டாவதாகக் கிடைப்பது நல்லதாக இருக்கலாம்.

மூன்று: நான் ஆடியதும் அவர் கொடுக்கக்கூடிய மிக நல்ல பதில் எது? வெட்டினால், வெட்டிய பிறகு என்ன மிஞ்சும்?

மூன்றாவது கேள்வியைக் கேட்காவிட்டால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் மாட்டிக்கொள்வார். 1972-இல் ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரில் உலக சாம்பியன் பட்டப் போட்டி. அமெரிக்காவின் பாபி ஃபிஷரும் சோவியத் யூனியனின் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதினார்கள். முதல் ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு பிஷப்பும் சிப்பாய்களும் மிஞ்சின. அமைதியாக டிரா ஆக வேண்டிய நிலை. ஹெச்2-இல் காவல் இல்லாமல் ஒரு சிப்பாய் நின்றது. 29-ஆவது நகர்த்தலில் ஃபிஷர் அதைத் தம் பிஷப்பால் வெட்டினார். ஸ்பாஸ்கி பக்கத்துச் சிப்பாயை ஜி3-க்கு ஓர் அடி நகர்த்தினார். கதவு மூடிக்கொண்டது! பிஷப் வெளியே வர வழியில்லை. அந்த ஆட்டத்தில் ஃபிஷர் தோற்றார். பிறகு மீண்டு வந்து பட்டத்தை வென்றார் என்பது வேறு விஷயம். சும்மா கிடைக்கும் சிப்பாயைப் பார்த்தால், 'உள்ளே போகலாம், வெளியே வர முடியுமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜாவை வெளியே கொண்டு வா

தொடக்கத்திலும் நடு ஆட்டத்திலும் ராஜாவை மறைத்துப் பாதுகாக்க வேண்டும். ராணிகள் போய்க் காய்கள் குறைந்ததும் ராஜாவே ஒரு போர்வீரன். அதை மூலையில் உட்கார வைத்திருந்தால் நீங்கள் ஒரு காய் குறைவாக ஆடுகிறீர்கள் என்று பொருள்.

1924-இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் காப்பபிளாங்கா டார்டகோவருடன் ஆடினார். யானை முடிவாட்டம். காப்பபிளாங்கா தம் ராஜாவை முன்னேற்றுவதற்காக இரண்டு சிப்பாய்களை விட்டுக்கொடுத்தார். அவற்றை எதிராளி செக் சொல்லியே வெட்டினார். ராஜா நிற்கவில்லை, நேராக எஃப்6 வரை நடந்து போனது. அங்கே தம் சிப்பாய்க்குத் துணையாக நின்று எதிரியின் ராஜாவை நெருக்கியது. காப்பபிளாங்கா வென்றார்.

ராஜாவின் நடையில் இன்னொரு அதிசயமும் உண்டு. ரிச்சர்ட் ரேட்டி என்பவர் 1921-இல் அமைத்த புதிர் இது. வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. வெள்ளையின் முறை. கறுப்புச் சிப்பாய் ஓடுகிறது. வெள்ளை ராஜா அதன் சதுரத்துக்கு வெளியே நிற்கிறது. வெள்ளைச் சிப்பாயையோ கறுப்பு ராஜா பிடித்துவிடும். வெள்ளை தோற்றுவிடும் என்றுதானே தோன்றுகிறது? ஆனால் டிரா செய்யலாம்!

ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவாட்டில் நடக்கிறது. அப்படி நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இரண்டு வேலை. ஓடும் சிப்பாயையும் நெருங்குகிறது. தன் சிப்பாய்க்குத் துணையாகவும் போகிறது. கறுப்பு தன் சிப்பாயை விடாமல் ஓட்டினால் வெள்ளை ராஜா தன் சிப்பாயிடம் போய்ச் சேர்ந்து அதை ராணி ஆக்கிவிடும், இருவருக்கும் ராணி. கறுப்பு ராஜா நடுவில் நேரம் செலவழித்து வெள்ளைச் சிப்பாயை வெட்டப் போனால், வெள்ளை ராஜா சதுரத்துக்குள் நுழைந்து ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடும். ஒரே நகர்த்தலில் இரண்டு வேலை முடியுமா என்று தேடும் பழக்கத்தை இந்தப் புதிர் கற்றுத் தரும்.

ஜெயித்த ஆட்டத்தைக் கைவிடாதே

ராணி ஒன்று கூடுதலாக இருக்கிறது, இனி கவலையில்லை என்று அலட்சியமாக ஆடுவோர் உண்டு. கறுப்பு ராஜா ஏ8 மூலையில் தனியே நிற்கிறது. வெள்ளை ராணியைப் பி6-இல் வைத்தால் என்ன ஆகும்? கறுப்புக்குப் போக ஒரு கட்டமும் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட்! ஒரு முழு ராணி கூடுதலாக இருந்தும் அரைப் புள்ளிதான். ஆகவே காய் அதிகம் இருக்கும்போது, "எதிராளிக்கு நகர ஓர் இடம் விட்டிருக்கிறேனா?" என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அதேபோல், பலகை சமமாகத் தெரிகிறது என்று யோசிப்பதை நிறுத்திவிடவும் கூடாது. 2013-இல் நம் சென்னையிலேயே ஆனந்துக்கும் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன் போட்டி நடந்தது. முதல் நான்கு ஆட்டங்களும் டிரா. ஐந்தாவதும் ஆறாவதும் யானை முடிவாட்டங்களாக நீண்டன. கார்ல்சன் சின்னச் சின்னத் தொல்லைகளை மணிக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டையும் வென்றார், பின்னர் பட்டத்தையும் வென்றார். டிரா போலத் தெரியும் பலகையிலும் கேள்வி கேட்பதை நிறுத்தாதவர் அவர்.

எப்படிப் பழகலாம்?

தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். தம்பியோ, தங்கையோ, பக்கத்து வீட்டுத் தோழனோ இருந்தால் போதும். மேலே சொன்ன நிலைகளில் ஒன்றை வையுங்கள். ஒருமுறை வெள்ளையாக ஆடுங்கள். பிறகு இடம் மாறிக் கறுப்பாக ஆடுங்கள். ஜெயிக்கவும் தெரிய வேண்டும், டிரா செய்து தப்பவும் தெரிய வேண்டும்.

உங்கள் ஆட்டங்களின் நகர்த்தல்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காய்கள் வெட்டுப்பட்ட இடங்களில் மட்டும் சிவப்பு மையால் கோடிடுங்கள். ஆட்டம் முடிந்த பின், அந்த இடங்களில் வெட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆடிப் பாருங்கள். உங்கள் ஆட்டத்தைத் திருத்த இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

வீட்டில் கணினி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். இரு ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை உள்ள எல்லா நிலைகளுக்கும் கணினிகள் விடை கண்டுபிடித்துவிட்டன. ஆனால் முதலில் நீங்கள் யோசித்து விடை எழுதுங்கள். அதன் பிறகே கணினியைக் கேளுங்கள். விடைப் பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவனுக்குத் தேர்வறையில் கை ஓடாது அல்லவா?

யோசிக்கும்போது கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகு கை பலகைக்குப் போகட்டும்.

உங்களுக்கு மூன்று புதிர்கள்

1. வெள்ளைச் சிப்பாய் ஏ5, வெள்ளை ராஜா ஹெச்1. கறுப்பு ராஜா இ4. கறுப்பின் முறை என்றால் என்ன ஆகும்? வெள்ளையின் முறை என்றால்?

2. வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் எஃப்4. கறுப்பு ராஜா எஃப்7. வெள்ளையாக ஆடும் நீங்கள், இப்போது யார் முறையாக இருக்க வேண்டும் என்று விரும்புவீர்கள்?

3. வெள்ளையிடம் ராஜாவும், யானையும், ஹெச் வரிசையில் ஒரு சிப்பாயும் உள்ளன. கறுப்பிடம் ராஜாவும் யானையும். கறுப்பு ராஜா ஹெச்8 மூலையிலேயே நிற்கிறது. யானைகளை வெட்டிக்கொள்ள யார் ஆசைப்பட வேண்டும்?

விடைகள்

1. சதுரத்தின் மூலைகள் ஏ5, டி5, டி8, ஏ8. கறுப்பின் முறை என்றால் ராஜா டி5-க்கு வந்து சதுரத்துக்குள் நுழைந்துவிடும், சிப்பாய் பிடிபடும். வெள்ளையின் முறை என்றால் சிப்பாய் ஏ6-க்கு ஓடிவிடும், பிறகு ராணிதான்.

2. கறுப்பின் முறையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கறுப்பு ராஜா வழிவிடும், வெள்ளை வெல்லும். வெள்ளையின் முறை என்றால், கறுப்பு சரியாக ஆடினால் டிரா.

3. கறுப்புதான். யானைகள் போனால் மிஞ்சுவது ஓரச் சிப்பாய். கறுப்பு ராஜாவோ மூலையில். ஆட்டம் டிரா. வெள்ளை யானையை விடக் கூடாது.

மூன்றுக்கும் சரியான விடை சொன்னவர்களுக்கு என் பாராட்டுகள். ஒன்றிரண்டு தவறியிருந்தால் பலகையில் காய்களை வைத்து இன்னொரு முறை ஆடிப் பாருங்கள். அடுத்த போட்டியில் எதிராளி "வா, வெட்டிக்கொள்வோம்" என்று யானையை நீட்டும்போது, கை நீட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெட்டிய பின் பலகை எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் பாருங்கள். பிறகு ஆடுங்கள்!